குளிர் காலையிற் கார் சொல்லும் குறை

பாடசாலை அதிபர் ஒருவர், அதிலும் கலைப் பட்டம் பெற்றவர், மோட்டார் வண்டியின் எஞ்சினைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். தமிழும் வரலாறும் கற்பித்துக் காலங் கழித்தவன் நான். எஞ்சினின் மூடியைத் திறக்காமலே பல ஆண்டுகள் கார் ஓட்டியவன். ஆயினும், சென்ற தை மாதக் குளிரிலே என் வண்டிக்கு வந்த ஒரு வருத்தம் என்னை அந்த மூடியைத் திறக்க வைத்தது. அதன் காரணம் கண்டறியப்பட்ட முறையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

நான் வசிப்பது நானுஓயாவில். என் பாடசாலை நுவரெலியா நகரை அடுத்துள்ளது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், தை மாசி மாதங்களின் விடியற் காலையிற் புல் நுனிகளில் உறைபனி வெண்மையாகப் படிந்து கிடப்பதைக் கண்டவர்கள் உங்களுட் பலர் இருப்பீர்கள். அக்குளிரிலே வண்டியை எடுத்தால், எஞ்சின் சூடேறு முன்னரே மலையேற்றம் தொடங்கிவிடும்.

என் வண்டி ஆயிரங் கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய சிறிய கார், டேர்போ பொருத்தியது. எஞ்சினின் கொள்ளளவை ஒட்டி வரி விதிக்கும் நம் நாட்டில் இத்தகைய சிறு எஞ்சின்களுக்கு மதிப்பு உண்டானது இயல்பே. அந்த வண்டி காலையில் எளிதில் உயிர்கொள்ளாது. உயிர்கொண்டாலும், நின்ற இடத்தில் நின்றபடி குளிர்க் காய்ச்சற்காரரைப் போல நடுங்கும். ஏற்றத்தில் மிதித்தால் இழுவை இராது. பின்னாலே கரும்புகை எழும். முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும். பெற்றோற் செலவோ நாளுக்கு நாள் ஏறியது. ஆனால் காலை பத்து மணியானால் இவற்றுள் ஒன்றும் இராது. வண்டி நல்ல பிள்ளையாகிவிடும்.

நான் ஒரு கராஜுக்கு அதைக் கொண்டு சென்றேன். சென்றது நண்பகலில். அவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள்; குறை தெரியவில்லை. ஆயினும் கரும்புகை என்று நான் சொன்ன ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, டேர்போ பழுதாகிவிட்டது, அதை மாற்ற வேண்டும் என்று தீர்ப்புரைத்தார்கள். அவர்கள் சொன்ன தொகை என் பல மாதச் சம்பளம். கடன் வாங்குவதா, வண்டியை விற்பதா என்ற நிலைக்கு வந்துவிட்டேன்.

கதையை இவ்விடத்தில் நிறுத்தி, அந்த எஞ்சினுக்குள்ளே நடப்பது யாது என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

பெற்றோல் தனியே எரிவதில்லை. வளியோடு கலந்தே எரிகின்றது. ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் வளி வேண்டும். அடுப்பிலே அரிசிக்குத் தண்ணீர் அளந்து வைப்பது போன்ற அளவு இது. பெற்றோல் மிகுந்தால் எரியாத கரி புகையாக வெளியேறும். பெற்றோற் செலவும் கூடும். பெற்றோல் குறைந்தால் எஞ்சின் தடுமாறும். பாரம் இழுக்கும் வேளையில் அக்குறைவு நேர்ந்தால் எஞ்சினுள் வெப்பம் எல்லை மீறி, முசலங்கள் உருகவும் கூடும்.

டேர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தாற் சுழலும் ஒரு சக்கரமும், அதே அச்சிற் பொருந்தி வளியை அமுக்கி உள்ளே தள்ளும் இன்னொரு சக்கரமுங் கொண்ட கருவி. சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளரான அல்பிரெட் பூக்கி என்பவர் 1905 ஆம் ஆண்டிலேயே இக்கருத்துக்குக் காப்புரிமை பெற்றார். விற்பனைக்கு வந்த கார்களில் இது முதன்முதலாக இடம்பெற்றது 1962 இல். ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர், செவ்ரொலே கோவேர் என்னும் இரண்டு அமெரிக்க வண்டிகளில். வீணாகப் போகும் புகையைக் கொண்டு வளியைக் கூட்டி, அதற்கேற்பப் பெற்றோலையும் கூட்டினால், சிறிய எஞ்சின் பெரிய எஞ்சினின் வேலையைச் செய்யும். டேர்போவின் மருமம் இவ்வளவே.

இனிக் குளிருக்கு வருவோம். குளிர்ந்த வளி அடர்த்தி மிக்கது. கடல் மட்டத்தில் 30 பாகை வெப்பத்தில் ஒரு கன மீற்றர் வளியின் நிறை ஏறத்தாழ 1.16 கிலோகிராம், பூச்சியப் பாகையில் அதுவே 1.29 கிலோகிராம். ஆகவே அதே இடத்தில் குளிர்நாளில் உட்செல்லும் வளி மிகுதி. அதற்கேற்பப் பெற்றோலும் மிகுதியாக வேண்டும். ஆனால் மலைநாட்டிலே உயரத்தால் வளி ஐதாகிவிடுவதையும் மறத்தலாகாது. நுவரெலியாவின் குளிர் வளி, கொழும்பின் வெப்ப வளியிலும் அடர்த்தி குறைந்ததே.

குளிர் செய்யும் பெரிய குறும்பு வேறொன்று. பெற்றோல் ஆவியானாலன்றி எரியாது. குளிர்ந்த எஞ்சினில் அதன் ஒரு பகுதி ஆவியாகாமற் சுவர்களில் துளியாகப் படிந்துவிடும். அதனால் எஞ்சின் சூடேறும் வரை, வேண்டிய அளவுக்கு மேலாகவே பெற்றோல் கொடுக்க வேண்டும். பழைய வண்டிகளிற் சோக் என்னும் பிடியை இழுத்து நாம் செய்த வேலை அது. இன்று அவ்வேலையைச் செய்வது வண்டியின் கணினி. அது நான்கு சாட்சிகளைக் கேட்டு முடிவு செய்கின்றது. எஞ்சினைச் சுற்றி ஓடும் நீரின் வெப்பம் எவ்வளவு என்று ஓர் உணரி சொல்லும். உட்புகும் வளியின் வெப்பத்தை ஒன்று சொல்லும். வளியின் அளவை இன்னொன்று சொல்லும். எரிந்து வெளியேறும் புகையில் ஒட்சிசன் எஞ்சியிருக்கின்றதா என்பதை நான்காவது உணரி சொல்லும். கடைசிச் சாட்சி குளிர்ந்திருக்கும்போது வாய் திறவாது. ஏறத்தாழ 300 பாகை சூடேறிய பின்னரே பேசும்.

இந்தச் சாட்சிகளைக் கேட்பதற்கு இன்று வழி எளிது. செலுத்துநரின் முழங்காலுக்கு அருகே, முகப்புப் பலகையின் கீழே ஒரு பொருத்தி உண்டு. அமெரிக்காவில் 1996 ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதல் கட்டாயமாக்கப்பட்ட இந்த ஏற்பாடு, பின்னர் உலகெங்கும் பரவிவிட்டது. அதிலே ஒரு சிறு கருவியைச் செருகினாற் கணினி அறிந்தவற்றைக் கைத்தொலைபேசியிலேயே படிக்கலாம். பி 0171 என்று வந்தாற் பெற்றோல் குறைந்த கலவை. பி 0172 என்று வந்தாற் பெற்றோல் மிகுந்த கலவை. ஆனால், நேயர்களே, இவ்விலக்கங்கள் அறிகுறிகளே, நோயல்ல. காய்ச்சல் 102 பாகை என்று அறிந்துவிட்டால், காய்ச்சல் எதனால் வந்தது என்று அறிந்ததாகுமா?

இனி விட்ட கதையைத் தொடர்வேன். ஒரு மாலை, நகரிலுள்ள ஒரு சிறு வேலைத்தலத்தின் வாசலில் என் பழைய மாணவர் ஒருவரைக் கண்டேன். கைகளில் எண்ணெய்க் கறை. என்னைக் கண்டதும் கைகளைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். வண்டியின் கதையைச் சொன்னேன். அவர் மூடியைத் திறக்கவில்லை, கேள்விகளைத் தொடுத்தார்.

“சேர், வருத்தம் வருகின்ற நேரம் எது? நிற்கும்போதா, ஏறும்போதா? சூடான பிறகும் உண்டா?”

நான் விடை சொன்னேன். “அப்படியானால் வண்டியை இரவு இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள், சேர். குளிரில் வருகின்ற வருத்தத்தை வெயிலிற் பார்த்துப் பயனில்லை” என்றார்.

மறுநாள் விடியற் காலையில் நானும் போயிருந்தேன். முதலிலே எஞ்சினை முடுக்காமல், சாவியை மாத்திரம் திருகிக் கணினியின் இலக்கங்களைப் படித்தார். நீரின் வெப்பம் 9 பாகை. உட்புகும் வளியின் வெப்பமும் 9 பாகை. சுவரில் தொங்கிய வெப்பமானியும் அவ்வாறே. “இரவு முழுவதும் நின்ற வண்டியில் இம்மூன்றும் ஒத்திருக்க வேண்டும், சேர். ஒன்று மாறினால் அந்த உணரி பொய் சொல்கின்றது” என்றார். நீரின் வெப்பத்தைச் சொல்லும் உணரியின் கம்பி அறுந்தால், மறை 40 பாகை என்று காட்டுவதும் உண்டாம். துருவப் பனியில் நிற்பதாகக் கணினி நம்பிப் பெற்றோலை வாரி இறைத்தால் கரும்புகை எழாமல் வேறென்ன செய்யும்? எங்கள் வண்டியில் அந்தச் சாட்சி உண்மையே சொன்னது.

பின்பு எஞ்சினை முடுக்கினார். அது நடுங்கியது. ஒட்சிசன் உணரி பேசத் தொடங்கும் வரை ஓரிரு நிமிடம் காத்திருந்து, கணினி தன் கணக்கிற் செய்து வரும் திருத்தத்தைப் படித்தார். இத்திருத்தம் நூற்றுக்குப் பத்துக்குள் கூடியோ குறைந்தோ இருந்தாற் பொதுவாகக் கவலையில்லை. எங்கள் வண்டியில் அது கூட்டல் 22 என்று நின்றது. அதாவது கலவையிற் பெற்றோல் போதாது என்று கண்டு, கணினி மேலும் மேலும் கொடுத்துக்கொண்டிருந்தது. எஞ்சினின் வேகத்தை நிமிடத்துக்கு 2,500 சுற்றாக உயர்த்தியதும், அதே திருத்தம் 6 ஆக இறங்கியது.

அவர் முகம் மலர்ந்தது. “பெற்றோற் பம்பு நலிந்திருந்தால், வேகம் கூடக் கூடக் குறையும் கூட வேண்டும், சேர். இங்கே குறைகின்றது. ஆகவே எங்கோ ஒரு சிறு துளை. நிற்கும்போது உட்புகும் வளி சிறிது. அதனோடு ஒப்பிடும்போது துளையால் நுழையும் வளி பெரிது. வேகம் கூடினால், அது கடலிற் கரைத்த பெருங்காயம்” என்றார்.

எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. “தம்பி, பெற்றோல் போதாது என்கிறீர். அப்படியானால் ஏற்றத்தில் வருகின்ற கரும்புகை பெற்றோல் மிகுதி என்றல்லவா சொல்கிறது? இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படவில்லையா?” என்றேன்.

அவர் சொன்ன விடையே இன்றைய பேச்சின் சாரம். டேர்போ எஞ்சினில் ஒரே துளை இரண்டு எதிரான நோய்களை உண்டாக்கும். எஞ்சின் ஓய்வாக ஓடும்போது, உள்ளிழு குழாயில் அமுக்கம் வெளி வளியினதிலும் குறைவு; அப்போது துளையால் வளி உள்ளே நுழையும். அவ்வளி அளவு உணரியைக் கடவாது வந்தது, கணக்கில் எழுதப்படாதது. ஆகவே பெற்றோல் போதாமற் போகும். ஏற்றத்திலே டேர்போ வளியை அமுக்கும்போது, அதே குழாயில் அமுக்கம் வெளியிலும் மிகுதி. அப்போது அளந்து வந்த வளி துளையால் வெளியே ஓடிவிடும். கணக்கில் எழுதிய வளி உள்ளே இல்லை. எழுதிய கணக்குக்குப் பெற்றோல் மாத்திரம் வந்துவிடும். ஆகவே பெற்றோல் மிகுந்து கரும்புகை எழும். நடுக்கம், புகை, இழுவைக் குறைவு என்று நாம் மூன்றாக எண்ணியவற்றின் மூலம் ஒன்றே. வளியை நேரே அளக்கும் உணரி உள்ள வண்டிகளுக்குப் பொருந்துவது இது. குழாயின் அமுக்கத்தை மாத்திரம் அளந்து கணக்கிடும் வண்டிகளில் அறிகுறி வேறுபடும்.

துளையைக் காண்பதற்கு, எஞ்சினை நிறுத்திவிட்டு, உள்ளிழு குழாயினுள் மெல்லிய அமுக்கத்தோடு புகையைச் செலுத்தினார். சிறிது நேரத்தில், எஞ்சினின் பின்புறத்திலிருந்து ஊதுபத்திப் புகை போல ஓர் இழை எழுந்தது. எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை உள்ளிழு குழாய்க்குக் கொண்டு செல்லும் ஒரு சிறிய இறப்பர் வளைவு, கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்புறத்தில் வெடித்திருந்தது. குளிரில் அவ்விறப்பர் விறைத்து வெடிப்பு வாய் திறக்கும்; எஞ்சின் சூடேறினால் இளகி வாய் மூடும். பத்து மணிக்குப் பின் வண்டி நல்ல பிள்ளையானதன் காரணம் இதுவே. புதிய இறப்பர் வளைவு ஒரு சோடி பாதணியின் விலைகூட இல்லை. டேர்போவில் ஒரு குறையும் இருக்கவில்லை.

எல்லா வண்டிகளிலும் காரணம் இதுவாகவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. எஞ்சின் எவ்வளவு ஓடினாலும் நீரின் வெப்பம் உரிய அளவை எட்டாவிட்டால், தேர்மோஸ்டற் என்னும் வெப்பக் கதவு மூடாமல் நின்றுவிட்டதோ என்று பாருங்கள். கணினி எஞ்சினைக் குளிர்ந்ததாகவே எண்ணிப் பெற்றோலைக் கூட்டிக்கொண்டிருக்கும். ஒட்சிசன் உணரி அளப்பது பெற்றோலை அன்று, ஒட்சிசனையே என்பதையும் மனத்திற் கொள்ளுங்கள். பிளக் பொறி விடாமல் ஓர் உருளை எரியத் தவறினால், எரியாத பெற்றோலோடு பயன்படாத ஒட்சிசனும் வெளியேறும். உணரி ஒட்சிசனைக் கண்டு, பெற்றோல் குறைவு என்றே சொல்லும். அது பொய் சொல்லவில்லை; நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

புகையின் நிறத்தையும் அறிந்துகொள்ளுங்கள். குளிர்க் காலையில் எழுந்து சிறிது நேரத்தில் மறையும் வெண்புகை வெறும் நீராவியே. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது. அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. கருமை பெற்றோல் மிகுதி. நீலம் எஞ்சின் எண்ணெய் எரிவது. சூடேறிய பின்பும் மறையாத வெண்புகை, குளிர்த்தும் நீர் உருளைக்குள் கசிவதாக இருக்கலாம்.

மாதம் ஒரு முறையாவது எண்ணெய்க் கோலை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் குறைவதையே நாம் எதிர்பார்ப்போம். அது கூடியிருந்து பெற்றோல் மணமும் வீசினால், எரியாத பெற்றோல் எண்ணெயிற் கலக்கின்றது என்பது பொருள். பெரிய உற்பத்தியாளர் ஒருவரின் டேர்போ எஞ்சின்களுக்கு வட சீனாவிலும் கனடாவிலும் இக்குறை ஏற்பட்டு, 2018 இல் அது பெரிய பிரச்சினையாயிற்று. கடுங்குளிரிற் குறுகிய தூரம் ஓடி, சூடேறு முன் நின்றுவிடும் வண்டிகளிலேயே அது மிகுதியாகக் காணப்பட்டது. வீட்டிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து வீட்டுக்கும் ஓடும் மலைநாட்டு வண்டிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

எல்லாவற்றிலும் முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். குளிருக்கு அஞ்சிக் கதவுகளை மூடிய கொட்டகைக்குள்ளே எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. குளிர்ந்த எஞ்சின் பெற்றோல் மிகுந்த கலவையிலேயே ஓடும். புகையைத் தூய்மை செய்யும் கருவியும் சூடேறு முன் வேலை செய்யாது. அப்போது வெளிவரும் காபனோரொட்சைட்டு என்னும் நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைச்சுற்றல் வந்த பின் கதவைத் திறக்கலாம் என்று எண்ணுவோர், கதவு வரை நடக்க இயலாமற் போகலாம். கொட்டகைக்கு மேலே படுக்கையறை இருந்தால், உறங்கும் குழந்தைகளுக்கும் ஆபத்து. வண்டியை வெளியே கொண்டுவந்து, சிறிது நேரத்தில் மெல்ல ஓட்டத் தொடங்குங்கள். எஞ்சின் சூடேறும் வரை அழுத்தி மிதிக்காதீர்கள்.

இறுதியாக ஒன்று. அன்று காலை வேலை முடிந்ததும், கூலி எவ்வளவு என்று கேட்டேன். அவர் வாங்க மறுத்தார். நான் வற்புறுத்தியதும் சிரித்துக்கொண்டே, “எனக்கு வகுப்பிலே வந்த வருத்தமும் இதுதானே, சேர்” என்றார்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் நான் அவருடைய வகுப்பாசிரியர். முதற் பாடத்தில் மேசையிற் சாய்ந்து உறங்குவார். பதினொரு மணிக்கு மேல் எவரும் விடை சொல்லாத கேள்விக்கு விடை சொல்வார். அவருடைய தேர்ச்சி அறிக்கையில் நான் எழுதியது, சோம்பல் மிகுந்தவர், படிப்பில் நாட்டமில்லை என்பதே. அதிகாலை இரண்டு மணிக்கு எழுந்து, பனி போன்ற தண்ணீரிற் கரட் கழுவி, லொறியில் ஏற்றிவிட்டே அவர் பாடசாலைக்கு வந்தார் என்பதை அன்று காலையிலேதான் அறிந்தேன். அடுத்த ஆண்டே அவர் படிப்பை விட்டுவிட்டார். நேரம் எது, குளிரிலா வெயிலிலா என்று அவர் என் வண்டிக்காகக் கேட்ட கேள்விகளில் ஒன்றையேனும் நான் அவருக்காகக் கேட்கவில்லை. நண்பகலிற் பார்த்து டேர்போவைக் குற்றஞ்சாட்டிய கராஜுக்காரரை நொந்துகொள்ள எனக்கு என்ன தகுதி?

இப்பொழுது என் பாடசாலையில் முதற் பாடத்தில் உறங்கும் பிள்ளையைக் கண்டால், அறிக்கையில் எதனையும் எழுது முன் அப்பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்தது என்று கேட்கும்படி ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கின்றேன். உங்கள் வண்டி குளிரில் நடுங்கினாலும் அவ்வாறே செய்யுங்கள். குறை வருகின்ற நேரத்திலே அதைப் பாருங்கள். சாட்சிகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சிறிய காரணங்கள் யாவும் இல்லையென்று கண்ட பின்னரே பெரிய தீர்ப்புக்குச் செல்லுங்கள்.